படிகமாகும் வரிசையும் சிதையும் வரிசையும்: சித்தம்பூண்டி அடுக்குப் பாறையும் லெம்பா பெர்த்தாம் மண்ணும்

முன்னுரை

கேமரன் மலையின் தென்பகுதியிலுள்ள லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தேயிலைக்கும் காய்கறிப் பாத்திகளுக்கும் அடியில் இருப்பது கிரானைட் பாறை. தீத்திவங்சா மலைத்தொடரின் முதுகெலும்பாக அமைந்துள்ள இப்பாறை ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தின் அடியில் உறைந்தது. சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் அதன் வெண்மையான பெரும் படிகங்களை எவரும் காணலாம். இப்படிகங்கள் எவ்வாறு தோன்றின என மாணவர் வினவும்போது நம் வகுப்பறைகளில் வழக்கமாகத் தரப்படும் விடை ஒன்றுதான்: குழம்பு மெல்ல ஆறினால் பெரிய படிகம், விரைந்து ஆறினால் சிறிய படிகம். இவ்விடை பிழையன்று. ஆயினும் பாறையின் வரலாற்றில் முதன்மையானதொன்றை அது விட்டுவிடுகிறது. பாறைக்குழம்பு முழுவதும் ஒரே பொழுதில் உறைவதில்லை. ஒவ்வொரு கனிமமும் தனக்குரிய முறை வரும்போதே உறைகிறது. அவ்வரிசையை அறியாமல் பாறையில் என்ன இருக்கிறது என்பதையோ, அது மண்ணாகும்போது என்ன எஞ்சும் என்பதையோ விளக்க இயலாது.

இவ்வரிசையைக் கற்பிக்க கிரானைட் ஏற்ற பாறையன்று. அதில் கனிமங்கள் ஒன்றோடொன்று கலந்தே நிற்கின்றன. பசால்ட்டு வகைக் குழம்பு நிலத்தின் அடியில் பெரும் அளவில் புகுந்து, அடுக்கடுக்காக உறைந்த ஊடுருவற் பாறையிலேயே வரிசை தெளிவாகப் பதிவாகியிருக்கும். அத்தகைய பாறை கேமரன் மலையில் இல்லை. தமிழகத்தில் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் உள்ளது. 1997 வரை நாமக்கல் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்ததையும், மலாயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை அனுப்பிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று என்பதையும் நினைவிற்கொண்டால், இவ்விரண்டு ஊர்களையும் சேர்த்துப் பேசுவது நமக்கு அயன்மையானதாகத் தோன்றாது. முதலில் அடுக்குப் பாறையையும், அடுத்து அதன் துணைகொண்டு பெர்த்தாம் மண்ணையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

உப்பளத்திலிருந்து ஒரு விளக்கம்

தூத்துக்குடி உப்பளங்களை அறிந்தவர்க்கு வரிசைப்படி படிகமாதல் புதிய செய்தியன்று. கடல்நீரைப் பாத்தியில் நிறுத்தி வெயிலில் வற்றவிடும்போது முதலில் படிவது உப்பன்று. நீர் பாதியளவு வற்றும்போது சுண்ணாம்புப் பொருள் படிகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின்னரே நாம் உண்ணும் உப்பு விளைகிறது. இறுதியில் மக்னீசிய உப்புகள் மிகுந்த கசப்பு நீர் எஞ்சுகிறது. அதனைத் தொழிலாளர் வடித்து வெளியேற்றுவர்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, ஒவ்வொரு பொருளும் படிந்து விலகும்போது எஞ்சிய நீரின் இயல்பு மாறுகிறது. மற்றொன்று, உப்பளத்தார் நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றுவதால், முன்னர்ப் படிந்தது பின்னர்ப் படிவதோடு கலப்பதில்லை. படிந்ததைப் பிரித்து வைக்கும் இச்செயலே தூய உப்பைத் தருகிறது. பாறைக்குழம்பிலும் இவ்விரண்டும் நிகழ்கின்றன. அங்கு பிரிக்கும் வேலையைப் பெரும்பாலும் புவியீர்ப்பு செய்கிறது. நீர் வற்றுவதால் உப்பு படிகிறது, குழம்போ வெப்பம் குறைவதால் படிகமாகிறது என்னும் வேறுபாட்டை மட்டும் ஆசிரியர் எடுத்துக்கூற வேண்டும்.

கனிமங்கள் உறையும் முறை

பசால்ட்டுக் குழம்பு ஏறத்தாழ 1,200 பாகை செல்சியசில் முழுதும் நீர்மமாக இருக்கும். அதன் எடையில் பாதியளவு சிலிக்கா. அலுமினியம், இரும்பு, மக்னீசியம், கால்சியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் எஞ்சியதில் பெரும்பங்கு. வெப்பம் தணியத் தொடங்கியதும் முதலில் தோன்றுவன ஆலிவின் என்னும் பச்சைக் கனிமமும், குரோமியம் போதிய அளவு இருப்பின் குரோமைட் என்னும் கருங்கனிமமும் ஆகும். அவற்றைத் தொடர்ந்து கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரும், பைராக்சீனும் வருகின்றன. எது முந்தும் என்பது குழம்பின் சேர்மானத்தையும், அழுத்தத்தையும், அதில் கரைந்துள்ள நீரின் அளவையும் பொறுத்தது; ஆதலால் இவ்வரிசையை மனப்பாடப் பட்டியலாகக் கற்பிப்பது பொருந்தாது.

வரிசைக்குள் மற்றொரு வரிசையும் உண்டு. பிளேஜியோகிளேஸ் ஒரே கனிமப் பெயராயினும் அதன் ஒரு முனை கால்சியம் கொண்ட அனார்த்தைட்; மறுமுனை சோடியம் கொண்ட ஆல்பைட். தூய அனார்த்தைட் உருகுவதற்கு ஏறத்தாழ 1,550 பாகை தேவை. ஆல்பைட்டுக்கு ஏறத்தாழ 1,100 பாகை போதும். எனவே முதலில் உறையும் பிளேஜியோகிளேஸ் கால்சியம் மிகுந்தும், பின்னர் உறைவது சோடியம் மிகுந்தும் இருக்கும். ஆலிவினிலும் இவ்வாறே மக்னீசியம் முந்தும், இரும்பு பிந்தும். வாஷிங்டன் நகரின் கார்னெகி ஆய்வுக்கூடத்தில் பிளேஜியோகிளேசை உருக்கி உறையவைத்து 1913இல் இதனை நிறுவியவர் நார்மன் போவன். 1928இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையின் அடித்தளமாயிற்று.

ஆலிவினில் சிலிக்கா ஏறத்தாழ 40 விழுக்காடு மட்டுமே. சிலிக்கா பாதியளவுள்ள குழம்பிலிருந்து 40 விழுக்காட்டுக் கனிமம் விலகிக்கொண்டே போனால் எஞ்சிய குழம்பில் சிலிக்காவின் பங்கு உயரத்தானே செய்யும்? பின்னர் வரும் கனிமங்கள் சிலிக்கா மிகுந்தவையாக இருப்பதற்கு இவ்வெளிய கணக்கே அடிப்படை. மேனிலை மாணவர்கள் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

கிரீன்லாந்தின் சான்று

போவன் ஆய்வுக்கூடத்தில் கண்டதை இயற்கையில் மலையளவில் காட்டியது கிழக்குக் கிரீன்லாந்திலுள்ள ஸ்கேர்கார்டு ஊடுருவல். ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே பசால்ட்டுக் குழம்பு ஒரு பெரும் அறையில் புகுந்து, புதுக் குழம்பின் வரவு ஏறக்குறைய இன்றியே ஆறியது. லாரன்ஸ் வேகரும் வில்லியம் டீரும் 1939இல் வெளியிட்ட அதன் விளக்கம் பாறையியலில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. கீழ் அடுக்குகளில் மக்னீசியம் மிகுந்த ஆலிவின்; மேலே செல்லச்செல்ல இரும்பு ஏறி, உச்சியை நெருங்கும்போது ஏறக்குறைய முற்றிலும் இரும்பு ஆலிவின். பிளேஜியோகிளேசிலும் கால்சியம் படிப்படியாகக் குறைந்து சோடியம் ஏறுகிறது. கீழிருந்து மேலே நடப்பது காலத்தில் முன்னோக்கி நடப்பதற்கு ஒப்பாகும்.

கனமான படிகங்கள் குழம்பில் மூழ்கி அடித்தரையில் படிந்தமையே அடுக்குகளுக்குக் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. குழம்பின் அடர்த்தி ஏறத்தாழ 2.7, ஆலிவினுக்கு 3.3; குரோமைட்டுக்கு 4.5. இவை மூழ்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிளேஜியோகிளேசின் அடர்த்தியும் ஏறத்தாழ 2.7 என்பதால் அது மூழ்குமா, மிதக்குமா என்பது குழம்பின் இரும்பளவைச் சார்ந்தது. மிதந்திருக்க வேண்டிய பிளேஜியோகிளேஸ் ஸ்கேர்கார்டின் அடித்தள அடுக்குகளில் மலிந்து கிடக்கிறது. ஆகவே பல படிகங்கள் விழுந்து படியாமல் தரையிலேயே முளைத்து வளர்ந்தன என்றும், படிகம் சுமந்த குழம்பு சேற்றோட்டம் போல் தரையில் வழிந்து பரவியது என்றும் பிற்கால ஆய்வாளர் விளக்கினர். இவ்விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. கல் நீரில் மூழ்குவது போல் படிகம் மூழ்கியது என்று மட்டும் கூறி நிறுத்தும் பாடநூல்கள் ஆய்வின் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன என்பது நம் கருத்து.

சித்தம்பூண்டியும் குருந்தமும்

சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதி ஸ்கேர்கார்டைக் காட்டிலும் மிகப் பழமையானது. அதன் குழம்பு உறைந்து ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வட்டாரத்தில் வளைந்து மடிந்த பட்டையாக அது நீண்டு கிடக்கிறது. அதன் பெரும்பகுதி அனார்த்தோசைட், அதாவது ஏறக்குறைய முழுவதும் பிளேஜியோகிளேசால் ஆன வெளிர்நிறப் பாறை. அதனிடையே கரிய குரோமைட் அடுக்குகளும், பைராக்சீன் மிகுந்த கரும்பாறைகளும் அமைந்துள்ளன. வெண்பாறையின் நடுவே கருங்கோடு இட்டாற்போன்ற குரோமைட் அடுக்குகள் இது அடுக்கு ஊடுருவல் என்பதற்குக் கண்கூடான சான்று. ஏ. பி. சுப்பிரமணியம் 1956இல் அமெரிக்க நிலவியல் கழக ஏட்டில் இதன் கனிமங்களை விரிவாக ஆராய்ந்து எழுதிய பின்னரே உலக ஆய்வாளர் கவனம் இவ்வூரின்மேல் விழுந்தது.

இங்குள்ள பிளேஜியோகிளேஸ் கால்சியம் மிக மிகுந்தது. பல இடங்களில் அனார்த்தைட் முனையை நெருங்குகிறது. தூய அனார்த்தைட்டில் சிலிக்கா 43 விழுக்காடு, அலுமினா 37 விழுக்காடு, கால்சியம் ஆக்சைடு 20 விழுக்காடு என்பது கணக்கு. இவ்வளவு கால்சியம் ஏறிய பிளேஜியோகிளேஸ் தோன்றக் குழம்பில் நீர் மிகுந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் முடிவு. ஆயினும் ஸ்கேர்கார்டில் போல இங்கு கீழிருந்து மேல் நடந்து வரிசையை எளிதிற் படித்துவிட முடியாது. உறைந்து சில கோடி ஆண்டுகளுக்குள் இப்பாறை மீண்டும் புவியின் ஆழத்தில் அழுந்தி, கடும் வெப்பத்தில் உருமாறி மடிந்துவிட்டது. முதற் கனிமங்கள் பல மறுபடிகமாயின. கார்னெட் முதலிய புதியவை தோன்றின. கிழிந்து ஒட்டப்பட்ட ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் பணியோடு இதனை ஒப்பிடலாம்: வரிசை இருக்கிறது, ஆனால் எது மூலம், எது பின்னர்ச் சேர்ந்தது எனப் பிரித்தறிய வேண்டும்.

பின்னர்ச் சேர்ந்தவற்றுள் ஒன்று குருந்தம். அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டும் கொண்ட இக்கனிமம் வைரத்தைத் தொடர்ந்து வரும் மிகக் கடினமான இயற்கைக் கனிமங்களுள் ஒன்று. செந்நிறத்தது மாணிக்கம், நீலநிறத்தது நீலக்கல். அலுமினா மிகுந்த அனார்த்தோசைட் உருமாறியபோது இது தோன்றியதாகக் கருதப்படுகிறது. சார்லஸ் கிரெவில் 1798இல் இலண்டன் அரச கழக ஏட்டில் ஆசியாவின் குருந்தக் கல்லைப் பற்றி எழுதினார். கர்நாடகப் பகுதியிலிருந்து சென்ற குருந்தத்தோடு ஒட்டியிருந்த வெண்கனிமத்தை 1802இல் போர்னோன் பிரபு ஆராய்ந்து ‘இந்தியனைட்’ எனப் பெயரிட்டார். பின்னாளில் அது அனார்த்தைட்டே என்று அறியப்பட்டதால் அப்பெயர் வழக்கொழிந்தது. குருந்தத்தின் பெயர் வழக்கொழியவில்லை. இன்று உலகெங்கும் ‘கொரண்டம்’ என வழங்கும் சொல் தமிழ்க் ‘குருந்தம்’ என்பதிலிருந்து சென்றதாகவே ஆங்கில அகராதிகள் குறிக்கின்றன. சிலப்பதிகார ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவின் மாணிக்க வகைகளுள் ஒன்றாக வரும் விந்தத்தைக் குருவிந்தம் என உரைகாரர் விளக்குவதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

கலைச்சொற்களைப் பற்றி இங்கு ஒரு சொல். ‘பளிங்கு’ பண்டைய நூல்களில் ஒளி ஊடுருவும் கல்லைக் குறித்தது. இன்றைய வழக்கில் அது தரையில் பதிக்கும் சுண்ணப்பாறை. ‘படிகம்’ என்பதும் முன்னர் அவ்வொளிக்கல் ஒன்றற்கே பெயர். இன்று எல்லாக் கனிமங்களின் ஒழுங்கமைந்த வடிவத்திற்கும் பொதுப்பெயர். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே இக்கட்டுரையில் குவார்ட்ஸ் என்ற பெயரை ஆள்கிறோம். மைக்காவிற்குக் ‘காக்காப்பொன்’ என்னும் அழகிய பெயர் மக்கள் வழக்கில் உள்ளது. அதனை வகுப்பறையில் தயங்காமல் பயன்படுத்தலாம்.

நிலவின் மேட்டுநிலங்களும் பெரும்பாலும் அனார்த்தோசைட்டே. நிலவு தோன்றிய தொடக்கத்தில் அதன்மேல் ஆழமான குழம்புக் கடல் இருந்தது என்றும், அதில் பிளேஜியோகிளேஸ் மிதந்து மேலோடாயிற்று என்றும் அப்பல்லோ பயணங்கள் கொணர்ந்த கற்களிலிருந்து அறிஞர் முடிவுகட்டினர். இதனால்தான் சந்திரயான் தரையிறங்கு கலத்தைச் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் பாறையைப் பொடித்துப் பெங்களூருக்குக் கொண்டுசென்றது. 2019இல் சந்திரயான் 2 தரையிறங்கும் முயற்சி கைகூடவில்லை. 2023 ஆகஸ்டு 23இல் சந்திரயான் 3 நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது.

கிரானைட்: வரிசையின் மறுமுனை

சித்தம்பூண்டி வரிசையின் தொடக்கத்தைக் காட்டுகிறது என்றால், பெர்த்தாம் கிரானைட் அதன் முடிவைக் காட்டுகிறது. இதன் கனிமங்கள் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பார், சோடியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ், கருநிறக் காக்காப்பொன்னாகிய பயோடைட், குவார்ட்ஸ் ஆகியன. சிலிக்கா ஏறத்தாழ 70 விழுக்காடும் அதற்கு மேலும் உண்டு. குவார்ட்ஸ் தனக்கென வடிவமின்றி மற்றவற்றின் இடுக்குகளை நிரப்பி நிற்பதைக் கைக்கண்ணாடியாலேயே காணலாம். கடைசியில் வந்தவர்க்கு எஞ்சிய இடமே கிடைக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. பசால்ட்டுக் குழம்பின் எச்சமே கிரானைட் என்ற போவனின் கருத்து இம்மலைத்தொடருக்குப் பொருந்துவதில்லை. ஒரு பசால்ட்டு ஊடுருவலிலிருந்து எஞ்சும் கிரானைட்டுக் குழம்பு மிகச் சிறிய பங்கே. தீத்திவங்சா அளவு கிரானைட்டுக்கு அது போதாது. பழைய படிவுப் பாறைகளைப் பெருமளவு கொண்ட கண்ட மேலோடு ஆழத்தில் உருகியதால் இக்குழம்பு உண்டாயிற்று என்பதே இன்று ஏற்கப்படும் விளக்கம். பிறப்பு வேறாயினும் உறையும் விதி ஒன்றே.

அவ்விதியின் விளைவைப் பொருளியலிலும் காண்கிறோம். குரோமியமும் பிளாட்டினமும் முதற் படிகங்களோடு சேர்ந்து பிரிந்துவிடுவதால் அவை அடுக்கு ஊடுருவல்களில் திரள்கின்றன. தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டு இதற்குப் பேரெடுத்துக்காட்டு. ஈயமோ முந்தைய கனிமங்கள் எவற்றிலும் இடம்பெறாத ஒன்றன்று. அவ்வாறு இடம்பெறாதது வெள்ளீயம். அது கடைசிக் குழம்பிலும் அதிலிருந்து பிரியும் வெந்நீரிலும் தங்கி இறுதியில் படிகிறது. இம்மலைத்தொடரின் மேற்கே கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் விளைந்ததும், அதனைச் சுற்றி ஈப்போ நகரம் வளர்ந்ததும் இக்கடைசித் துளிகளின் பயனே.

சிதைவும் மண்ணும்

1938இல் சாமுவேல் கோல்டிச் பாறைகள் மண்ணாவதை ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டார். உயர் வெப்பத்தில் முதலில் உறைந்த கனிமங்களே தரைமட்டத்தில் முதலில் சிதைகின்றன. கடைசியில் உறைந்த குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கிறது. தாம் பிறந்த சூழலுக்கும் தரைமட்டச் சூழலுக்கும் உள்ள இடைவெளி மிகுந்தவை விரைந்து அழிகின்றன என இதனை விளங்கிக்கொள்ளலாம். இவ்விதிப்படி சித்தம்பூண்டி அனார்த்தைட் கரைந்தோடியிருக்க வேண்டும். பெர்த்தாம் கிரானைட் உறுதியாக நின்றிருக்க வேண்டும். காட்சியோ நேர்மாறு. வரிசையைக் கனிமம் முடிவு செய்கிறது. வேகத்தை மழையும் வெப்பமும் முடிவு செய்கின்றன. நாமக்கல்லில் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. கேமரன் மலையில் அது 2,500 மில்லிமீட்டரைத் தாண்டும்.

எனவே பெர்த்தாமில் கிரானைட் பல மீட்டர் ஆழத்திற்கு மண்ணாகியுள்ளது. மழைநீரில் கரைந்த கரியமில வாயு ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து பொட்டாசியத்தையும் சோடியத்தையும் சிலிக்காவின் ஒரு பகுதியையும் நீக்க, அது கயோலின் என்னும் வெண்களியாகிறது. பயோடைட்டின் இரும்பு துருவாகி மண்ணுக்குச் செம்மஞ்சள் நிறம் தருகிறது. குவார்ட்ஸ் மட்டும் மணலாக எஞ்சுகிறது. காரப்பொருள்கள் நீங்கிய இம்மண் புளிப்புத்தன்மை உடையது. புளிப்பு மண்ணை விரும்பும் தேயிலைக்கு அது வாய்ப்பாயிற்று. 1929இல் இம்மலையில் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இன்றும் விளைச்சல் தருவதில் இம்மண்ணுக்கும் பங்குண்டு.

அம்மண்ணின் மற்றொரு முகம் கடுமையானது. ஒட்டுத்தன்மை குறைந்த குவார்ட்ஸ் மணலும் நுண்களியும் கலந்த சரிவை மூடியுள்ள செடியும் வேரும் அகற்றப்பட்டால், ஒரே மழையில் அது இறங்கும். அடர்ந்து கவிந்த தேயிலைச் செடி நிலத்தை ஓரளவு காக்கிறது. திறந்து கிடக்கும் காய்கறிச் சரிவும் கட்டுமான நிலமும் அவ்வாறு காப்பதில்லை. இறங்கிய மண்ணைப் பெர்த்தாம் ஆறு ரிங்லெட் நீர்த்தேக்கத்திற்குக் கொண்டுசேர்க்கிறது. 1960களின் தொடக்கத்தில் சுல்தான் அபு பாக்கார் அணை கட்டப்பட்டபோது அத்தேக்கத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 63 இலட்சம் கன மீட்டர். அதில் கணிசமான பகுதியை வண்டல் நிரப்பிவிட்டதால், தொடர்ந்து தூர்வார வேண்டியதாயிற்று. தூர்ந்த தேக்கம் பெருமழையைத் தாங்கிக்கொள்வதில்லை. 2013 அக்டோபர் 23 அதிகாலை அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது லெம்பா பெர்த்தாம் குடியிருப்புகளில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. வீடுகளுக்குள் நின்ற சேற்றில் 20 கோடி ஆண்டுப் பழமையான ஃபெல்ட்ஸ்பாரின் எச்சமும் கலந்திருந்தது. பாறையின் மீது பழிபோட நாம் இதனைக் கூறவில்லை. மண்ணின் இயல்பு முன்பே அறியப்பட்டது. சரிவை எவ்வளவு திறப்பது, ஆற்றோரத்தில் எங்கே குடியிருப்பது என்பன மனிதர் முடிவுகள்.

வகுப்பறைக்கு ஒரு செய்முறை

பெர்த்தாம் ஆற்றங்கரையிலிருந்து ஒரு கை மண் போதும். வெண்ணிறக் கிண்ணத்தில் நீரூற்றிக் கலக்கினால் நீர் பாலாகும், அது களி. அதனை வடித்து மீண்டும் கழுவினால் காக்காப்பொன் செதில்கள் மின்னிச் சுழன்று மெல்லப் படியும். எஞ்சியவற்றுள் நகத்தால் அழுத்தினால் உதிரும் வெண்மணிகள் பாதி சிதைந்த ஃபெல்ட்ஸ்பார். கண்ணாடியில் கீறலிடும் மங்கலான மணிகள் குவார்ட்ஸ். கிண்ணத்தின் அடியில் தங்கும் கனமான சிறுமணிகளுள், உருப்பெருக்கியின்றிக் காண இயலாத அளவில், சிர்க்கான் என்னும் கனிமமும் இருக்கக்கூடும். குவார்ட்சைப் போலவே சிதைவை எதிர்த்து நிற்கும் அதற்குள் யுரேனியம் மெல்ல ஈயமாக மாறிக்கொண்டிருக்கிறது. இம்மலையின் கிரானைட்டுக்கும் சித்தம்பூண்டிப் பாறைக்கும் நாம் மேலே தந்த வயதுகள் இத்தகைய சிர்க்கான் மணிகளில் அந்த ஈயத்தை அளந்து பெறப்பட்டவையே.